சித்தப்பாவின் ஹெட்ஃபோன்

நம்மில் பலர் இப்போது எங்கெங்கோ அடுக்குமாடிகளில் இருக்கிறோம். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தால் நமக்கு மட்டும் ஏன் உடம்பு விறைக்கிறது என்று கட்டிக்கொண்டவர்களுக்குப் புரிவதில்லை. உங்களுக்குப் புரியும். பகலில் தூங்குகிற அப்பாக்களின் பிள்ளைகள் நாம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் எங்கள் தெருவில் கேட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். துண்டு கிடக்கிற வீட்டு முன்னால் பந்து உருளக் கூடாது, சைக்கிள் மணி அடிக்கக் கூடாது. கீரைக்காரம்மாகூட அந்த கேட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்காமல் போவார். நாங்கள் கிசுகிசுத்தே கண்ணாமூச்சி ஆடினோம், கையைக் காட்டியே அவுட் கொடுத்தோம். லீவுக்கு வந்த வெளியூர்ப் பிள்ளை ஒன்று, “உங்க தெருவுல யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று கேட்டது. இல்லை, தூங்குகிறார்கள் என்றோம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கா என்றது. அதற்கு என்ன சொல்வது? நமக்கு அதுதான் மத்தியானம்.

அப்படிப்பட்ட தெருவுக்கு, ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆன ஒரு மழைக்காலத்தில், என் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் ஒரே தம்பி. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த பஸ்ஸில் மானிட்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தையை வைத்திருக்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டு அம்மா, “கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்டதாம். “ஆமாங்க, கொஞ்சம் சூடா இருக்கு” என்று சொல்லிவிட்டாராம். வந்ததும் முதலில் சொன்ன கதை இதுதான். அம்மா சிரித்துச் சிரித்துப் பால் பொங்கிவிட்டது.

மெயின் பஜாரில் ஒரு டிசைனிங் கடையில் அவருக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, டியூஷன் சென்டர் நோட்டீஸ். நாளெல்லாம் கடையில் மற்றவர்களுக்கு எழுத்தையும் பூவையும் அடுக்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து குளித்து, சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் போய்விட்டால் அது வேறு தேசம். அரிசி மூட்டைக்கும் பழைய தொட்டிலுக்கும் நடுவில் ஒரு மேஜை. மேஜை மேல் திறந்து கிடக்கிற கம்ப்யூட்டர்; அதற்கு மூடி போட்டு நான் பார்த்ததே இல்லை. செத்துப்போன டேப் ரிக்கார்டர்கள், யாரோ தூக்கிப் போட்ட ஒரு சின்ன கீபோர்டு, வயர்கள், ஈயம் உருகுகிற அந்த வாசனை. மழை நாளில் ஜன்னல் வழியே கொய்யா மரத்தின் ஈர மணமும் அதில் கலந்துவிடும். இன்றைக்கும் மொபைல் ரிப்பேர் கடை வாசலில் எனக்குக் கொய்யாப்பழம் ஞாபகம் வரும். மற்ற ஊர்களில் கரண்ட்டுக்காகக் காத்துக் கிடந்தவர் அவர். அனல்மின் நிலையம் இருக்கிற நம்ம ஊரில் கரண்ட் போகாது. “கரண்ட்டே இங்கதான பொறக்குது பாப்பா, தாய்வூடு” என்பார்.

தூங்குகிற தெரு என்பதால் அவருடைய சங்கீதம் முழுக்க ஹெட்ஃபோனுக்குள் நடந்தது. கறுப்பு ஹெட்ஃபோன், பெரிய கிண்ணங்கள் மாதிரி. பஞ்சு பிய்ந்து கொட்டியதும் அம்மா தன் பழைய ஜாக்கெட்டின் உள்துணியை வெட்டி உறை தைத்துக் கொடுத்தார். ஒரு காதுக்கு மாம்பழ மஞ்சள், ஒரு காதுக்கு ஊதா. அதை மாட்டிக்கொண்டு, சத்தமே இல்லாத அறையில், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்.

எதிர்வீட்டு அத்தை சர்க்கரை வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

“உன் கொழுந்தன் நல்லாத்தான இருக்கு? அதுபாட்டுக்குத் தலைய ஆட்டிகினு கெடக்கு.”

“பாட்டு கேக்கறார் அக்கா.”

“பாட்டா? ஒரு வாய் முணுமுணுக்கல?”

அதில் வாய் முணுமுணுக்க எதுவும் இருந்ததில்லை. அது வரிகள் இல்லாத பாட்டு. ஸ்கிரீனில் கட்டம் கட்டமாக இருக்கும். எண்கள் மேலிருந்து கீழே இறங்கும். எந்தக் கட்டத்தில் எந்தச் சத்தம் விழ வேண்டும் என்று அவர் நட்டுவைப்பார், நாற்று நடுகிற மாதிரி. சத்தங்களை வீட்டிலிருந்தே பிடித்தார். குக்கர் விசில். ஷிஃப்ட் பஸ் நிற்கும்போது விடுகிற பெருமூச்சு. கோயில் மணி அடித்து முடித்தபின் காற்றில் தங்குகிற மிச்சம். அப்பாவின் குறட்டையைக்கூட ஒரு முறை பிடித்து, பத்து மடங்கு நீட்டி, அதன் மேல் மெல்லிய மணிகளைத் தூவினார். யாருடைய குறட்டை என்று சொல்லாமல் அப்பாவிடமே போட்டுக் காட்டினார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கடல் மாதிரி கீது” என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன்.

அவருடைய முதல் கேட்பாளர் நான். பள்ளிவிட்டு வந்து யூனிஃபார்மோடு அரிசி மூட்டை மேல் உட்காருவேன். மஞ்சளும் ஊதாவும் என் காதுகளை மூடும். உலகம் அணைந்து இன்னொன்று எரியும். அப்போது சித்தப்பா ஸ்கிரீனைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார்.

கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடிக்களில் இருந்த லினக்ஸைத்தான் அவர் பயன்படுத்தினார். கடை முதலாளி அதை ஓசி சாஃப்ட்வேர் என்று கேலி செய்வார். கடையில் இருந்ததெல்லாம் காசு கொடுக்காமல் காப்பியடித்த விலை உயர்ந்த சாஃப்ட்வேர். அதை அவர் ஓசி என்று சொல்ல மாட்டார். சித்தப்பாவுக்கு இதில் ஒரு பிடிவாதம் இருந்தது. யாரோ எழுதி, இந்தா, பிரித்துப் பார், திருத்திக்கொள், அடுத்தவருக்கும் கொடு என்று சொல்லி வைத்துவிட்டுப் போன பொருள் அது. அதைத் திருப்பிக் கொடுக்க அவரிடம் இருந்தது படம் வரைகிற கை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து ஸ்கிரீனுக்கான குட்டிக் குட்டிப் படங்கள் வரைவார். ஃபைலுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, குப்பைத்தொட்டிக்கு நம் ஊர் மூங்கில் கூடை. ஃபிளாப்பியில் எடுத்துப்போய் பிரவுசிங் சென்டரிலிருந்து எங்கோ ஒரு குளிர் நாட்டில் அந்த சாஃப்ட்வேரை எழுதுகிறவர்களுக்கு அனுப்புவார். ஒரு நாள் பதில் வந்தது. மூங்கில் கூடையை அவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். சித்தப்பா அன்றைக்குப் பன்னீர் சோடா வாங்கி வந்தார், எல்லோருக்கும்.

“எவ்ளோ குடுத்தான்?” என்றார் அப்பா.

“ஒண்ணும் குடுக்கல அண்ணே. நான்தான் குடுத்தேன்.”

“என்னாத்த?”

“கூடை.”

அப்பா சோடாவைக் கீழே வைத்தார். “குப்பைக் கூடைய வரைஞ்சி வெள்ளக்காரனுக்கு சும்மா அனுப்பிகினு இருக்கான். இதுக்குத்தான் படிக்க வெச்சேனா?”

அந்தக் கேள்வியின் அடியில் என்ன இருந்தது என்று அப்போது தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். கம்மாபுரம் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. சுரங்கத்துக்குப் போனது. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை. ஒருவருக்குத்தான். அப்பா மூத்தவர், அவர் போனார். சித்தப்பா அப்போது டவுசர் போட்ட பையன். நிலம் இருவருடையது, வேலை ஒருவருடையதாயிற்று. இதை யாரும் வாயால் சொன்னதே இல்லை. ஆனால் மீன் குழம்பு வைக்கிற அன்று அப்பா தன் தட்டிலிருந்து நடுத்துண்டை எடுத்துத் தம்பி தட்டில் வைப்பார். புதுச் சட்டை எடுத்தால் முதலில் தம்பிக்கு. சித்தப்பா வேண்டாம் என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும், பொருத்தமே இல்லாத கோபம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் கோயில் குடில் ஜோடிக்கிற வேலையைப் பங்குச் சாமியார் சித்தப்பாவிடம் கொடுத்தார். வைக்கோலுக்கு அடியில் சித்தப்பா ரெண்டு சின்ன ஸ்பீக்கரை ஒளித்துவைத்தார். ஷிஃப்ட் பஸ்ஸின் பெருமூச்சு, மாட்டின் மூச்சாக மாறியிருந்தது. மணியின் மிச்சம், பனிக்காற்றாக. அது ஹெட்ஃபோனை விட்டு ஊருக்குள் வந்தது அந்த ஒரு தடவைதான். பூசை முடிந்து எல்லோரும் குடிலைப் பார்க்க வந்தார்கள். பேச்சு மெல்ல நின்றது.

சாமியார் குனிந்து வைக்கோல் பக்கம் காதை வைத்தார். “என்னப்பா, குழந்தை ஏசு தூங்கறாரா, கொதிக்கறாரா?”

கூட்டம் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். முன்னால் நின்ற ஒருவர் அப்பாவைப் பார்த்து, “மெஷினு சத்தத்துக்கு லீவு போட்டுட்டுக் கோயிலுக்கு வந்தா, உங்க தம்பி இங்கயும் கரி பெல்ட்ட ஓட வுட்டுட்டாரே” என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அப்பாவின் கழுத்து சிவந்தது எனக்குத் தெரிந்தது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டு வழக்கமான கேரல் கேசட்டைப் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா எங்களுக்கு நாலடி முன்னால் நடந்தார். தம்பியைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. அவனுக்குச் சேர வேண்டிய வேலையில் அண்ணன் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ரெண்டையும் அவர் ஒன்றாக முடிச்சுப் போட்டது அந்த நடையில்தான் என்று நினைக்கிறேன்.

பொங்கல் கழிந்ததும் அப்பா ஆள் பிடிக்கத் தொடங்கினார். யூனியன்காரர், சூப்பர்வைசர், சூப்பர்வைசரின் மச்சான். கடைசியில் வடக்குத்துப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரின் ஷெட்டில் இடம் கிடைத்தது. நிலக்கரி வருகிற பெல்ட்டைத் தாங்கி உருளுகிற இரும்பு ரோலர்கள் பழுதானால் அங்கே வரும். அவற்றைக் கழற்றி, தேய்த்து, பேரிங் மாற்றி, சுழலவிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். போர்டுகளிலும் ரோலர்களிலும் எழுத்தும் நம்பரும் எழுத ஆள் வேண்டும்.

“உனக்குப் புடிச்ச வேலதான்டா,” என்றார் அப்பா. முகம் பூரித்திருந்தது. “இரும்பு தூக்க வாணாம். எழுத்து எழுதற வேல. எத்தினி நாளுக்குக் கல்யாணப் பத்திரிகைல புறா வுட்டுகினு இருப்ப?”

“புறா மட்டுமாண்ணே வுடறேன்? மோதிரமும் வுடறேன்.”

“வெளையாடாத. இன்னிக்குக் கான்ட்ராக்ட்டுல பேரு இருந்தாதான் நாளைக்குப் பர்மனென்ட். பொண்ணு குடுக்கறவன் அதத்தான் கேப்பான்.”

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, “உங்க அண்ணன் இவ்வளவு பேர் கால்ல விழுந்திருக்கார்” என்றார். அது போதுமாக இருந்தது. அண்ணன் கொடுக்கிற நடுத்துண்டை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை.

அதற்கு முன் பல வாரம், புதன்கிழமை தோறும் சூசையப்பர் நவநாள் ஜெபத்துக்கு அம்மா என்னை அழைத்துப்போவார். “சித்தப்பாவுக்கு வேலை கிடைக்கணும்னு கேளு, பிள்ளைங்க கேட்டா உடனே கிடைக்கும்.” நான் கேட்டேன். முழங்கால் வலிக்க வலிக்க, கண்ணை இறுக்கிக் கேட்டேன். சித்தப்பா ஷிஃப்ட்டுக்குப் போனால் கம்ப்யூட்டர் எனக்கு என்பதும் அந்த ஜெபத்துக்குள் இருந்தது. கேட்டபடியே கிடைத்தது. அம்மா கேசரி கிண்டினார். அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் குறிப்பாக எதையும் கேட்பதில்லை. உனக்குத் தெரிந்ததைச் செய் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

ஷெட்டில் அவர் எழுதுகிற மேஜை இருந்த இடம் கிரைண்டிங் நடக்கிற மூலைக்கும் ரோலர்களைச் சுழலவிடுகிற ஸ்டாண்டுக்கும் நடுவில். நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. எழுத்து எழுதுகிற வேலை என்றதும் எங்கள் மனதில் ஒரு ஜன்னலோரம் தோன்றிவிட்டது.

ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் மாதங்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். உள்ளங்கை அளவு டேப் ரிக்கார்டர் ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார். “ரோலர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொண்டை இருக்கு பாப்பா. பேரிங் போனது அழுவும். நல்லது ஊதும், சங்கு மாதிரி. ரெண்டு நல்லது சேந்து சுத்தறப்ப நடுவுல மூணாவது ஒண்ணு பாடும், ஆளே இல்லாம.” வந்ததும் சாப்பிடாமல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். சத்தத்தை நிறமாகக் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் அவரிடம் இருந்தது. கனத்த சத்தம் அடியில், மெல்லிசானது மேலே. டிசைனர் இல்லையா, அவருக்கு அது படமாகவும் வேண்டும். அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, உச்சியில் தூசி மாதிரி வெளிர் மஞ்சள். “பாரு, நம்ம சுரங்கத்து மண்மலை மேல வெயில் வுழற மாதிரி இல்ல?” என்பார்.

அந்தச் சத்தங்களை வைத்து ஒன்று செய்தார். அவர் செய்ததிலேயே சிறந்தது அதுதான். இரும்பு அழுதுகொண்டே வந்து மெல்ல மெல்லப் பாட்டாகிவிடும். கேட்டு முடித்தபோது என் கை மயிர் நின்றிருந்தது. அதை அழகு என்று சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. அந்த அழகு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்துவிட்டதே.

அம்மா தினமும் டிஃபன் கேரியரின் மேல்தட்டில் பஞ்சு வைத்து அனுப்புவார், காதில் வைத்துக்கொள்ள. ஷெட்டிலும் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் கேரியரைத் திறந்தால் பஞ்சு போன மாதிரியே வெள்ளையாகத் திரும்பி வந்திருக்கும்.

“ஏன் தம்பி, வெக்கறதே இல்லையா?”

“வெச்சா எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி ஆயிடுது அண்ணி.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “நான் என்னா பஞ்சா வெச்சேன்? பழகிடும்” என்றார்.

பழகியது. அடுத்த வருடம் வெயில் காலம் வந்தபோது சித்தப்பா, “ஆங்?” என்று கேட்கத் தொடங்கியிருந்தார். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் வரமாட்டார். டிவியின் சத்தம் ஒவ்வொரு புள்ளியாக ஏறியது. நம் வீடுகளில் இது ஒரு விஷயமா? நம் அப்பாக்கள் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். ஒரு காது மந்தம் என்பது சீருடை மாதிரி, பாஸ் மாதிரி. அது இருந்தால் ஆள் உள்ளே வேலை பார்க்கிறவர். எதிர்வீட்டு மாமா கேட்டில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “வேல பர்மனென்ட் ஆவறதுக்கு முன்னயே காத பர்மனென்ட் பண்ணிகினாரு தம்பி.” தெருவே சிரித்தது. அப்பா பெருமையாகச் சிரித்தார். நான் சிரித்தேன். சித்தப்பாவுக்கு அது முழுசாகக் கேட்கவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

பிறகு பாட்டு மாறியது. ஹெட்ஃபோனை மாட்டினால் ஊசி ஊசியாகக் குத்தும். மணிகள் இருந்த இடத்தில் கண்ணாடி உடைந்தது. நான் கழற்றிவிடுவேன்.

“காது கூசுது சித்தப்பா.”

“இல்லியே, மேல் சத்தம் செத்துப்போயி கீதேன்னு இப்பதான ஏத்தினேன்?” ஹெட்ஃபோனில்தான் கோளாறு என்று நினைத்தார். பிரித்தார், வயர் மாற்றினார், ஈயம் வைத்தார். கடை முதலாளியிடமிருந்து வேறொன்று இரவல் வாங்கி வந்தார். அதிலும் எனக்குக் குத்தியது, அவருக்குச் செத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து நான் கோயில் கவுனைக்கூட மாற்றவில்லை. “வா பாப்பா, ஒரு வெளையாட்டு” என்றார். கம்ப்யூட்டர் ஒரே ஒரு கோடு போலச் சத்தம் எழுப்பும். அது மேலே மேலே ஏறும், மெலிந்துகொண்டே போகும். கேட்கிறவரை விரலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், நின்றதும் மடக்க வேண்டும். ஹெட்ஃபோனின் ஒரு கிண்ணம் என் காதில், ஒரு கிண்ணம் அவர் காதில். தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தோம். அவர் தலையில் தேங்காயெண்ணெயும் இரும்பும் மணத்தது.

கோடு ஏறியது. பாதி வழியில் அவர் விரலை மடக்கினார். எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“எனக்குக் கேக்குது.”

கோடு இன்னும் ஏறியது.

“இன்னும் கேக்குது சித்தப்பா. நீங்க அவுட். நான் இன்னும் அவுட் ஆகல.”

அவர் என் விரலையே பார்த்தார். நான் அதை இன்னும் உயரமாக நீட்டினேன். கொசு பாடுகிற உயரத்துக்கும் மேலே போய், நூலாகி, அறுகிறவரை நீட்டி வைத்திருந்தேன். ஓட்டப் பந்தயத்தில்கூட நான் யாரையும் ஜெயித்ததில்லை. “மறுபடி” என்றார். மறுபடி ஜெயித்தேன். காதை மாற்றிக்கொண்டோம். மறுபடியும். குதித்துக்கொண்டு கத்தினேன், அன்றைக்கு எந்த கேட்டிலும் துண்டு இல்லை. அவர் என் கன்னத்தைத் தட்டி, “நல்ல காது பாப்பா” என்றார். மிகவும் மெதுவாகச் சொன்னார். அவருக்கே கேட்டிருக்குமா தெரியவில்லை.

சத்தம் கேட்டு அப்பா வந்து நின்றார். “என்னா வெளையாட்டு? எனக்கு வை.”

வைத்தோம். அவர் விரல் தூக்கியதுமே மடங்கிவிட்டது. அப்பா சிரித்தார். “எனக்கு இவனுக்கு முன்னயே நின்னுபோச்சு. அதுக்கென்னா இப்ப? நான் நல்லா இல்லியா? சோறு எறங்கலியா?”

சித்தப்பா அவர் காதிலிருந்து ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றினார். ஸ்கிரீனில் ரோலர் பாட்டை நிறமாக வரவைத்தார். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். மேல்பாதியைத் தன் உள்ளங்கையால் மறைத்தார்.

“இவ்ளோதாண்ணே எனக்கு இருக்கு.”

“கைய எடுடா, தெரியுதே.”

“தெரியுது. கேக்கல.”

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை நான் பார்த்தேன். ஒரேயடியாகப் போகவில்லை. உதட்டில் கொஞ்ச நேரம் இருந்தது, அவருக்கே அதை என்ன செய்வதென்று தெரியாத மாதிரி.

கடலூரில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றாராம். சித்தப்பா ஷெட்டிலிருந்து நின்றார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒருவேளை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாட்டுப் பக்கம் போகவில்லை. படம் வரைந்தார். மூங்கில் கூடைப் படத்தைப் பார்த்து அவருக்கு ஈமெயில் எழுதிப் பழகியிருந்த யாரோ ஒருவர், சென்னையில் வெப்சைட் டிசைன் செய்கிற இடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று தகவல் சொன்னார். முகம் தெரியாதவர். கேட்காமலே செய்தார்.

இன்றைக்கும் அவர் அந்தத் தொழில்தான். ஃபோன் திரைகளில் நீங்கள் விரலால் தொடுகிற சில பொத்தான்கள் அவர் வரைந்தவையாக இருக்கலாம். புதுப் பொருள் எது வந்தாலும் வாங்கிப் பிரித்துப் பார்க்கிற குணம் போகவில்லை. இப்போது காதில் சின்னக் கருவி வைத்திருக்கிறார். அதன் உள்ளே நுழைந்து தன் வசதிக்குத் தானே திருத்திக்கொள்வதாகச் சொல்லி என்னிடம் காட்டினார். நன்றாகவே கேட்கிறது அவருக்கு. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கடைசிவரை அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் மிகவும் மரியாதையாக நடத்திக்கொண்டார்கள். மீனின் நடுத்துண்டைத் தள்ளிவைக்கிற பழக்கம் மட்டும் நின்றுவிட்டிருந்தது.

சித்தப்பா சென்னைக்குக் கிளம்பிய நாளில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மத்தியானம். அவர் சாமான் அறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் எதிரில் நின்றேன். முதல் ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சட்டையெல்லாம் கரித்தூள். அறை வாசலில் நின்று, தம்பியின் முதுகைப் பார்த்தார்.

என் அப்பா பேசினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும் என்பது தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அவர் தொண்டையிலிருந்து வந்த அவ்வளவு மெல்லிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“தம்பி. உன் வேலையையும் நான்தான் எடுத்துகினேன். உன் காதையும் நான்தான் எடுத்தேன்.”

சித்தப்பா வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. என் பக்கம் வயர் தளர்ந்ததும், “இழுத்துப் புடி பாப்பா” என்றார், தலை தூக்காமல். நான் வாசலைப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

வயரைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா கொல்லைக் குழாயடியில் குனிந்து நின்றிருந்தார், இன்னும் தண்ணீரைத் திறக்காமல்.

“அப்பா, அவருக்கு அது கேக்கல. நீங்க பின்னாடி நின்னு சொன்னீங்க. வாங்க, முன்னாடி வந்து சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை.

“கேக்காதுன்னு தெரிஞ்சிதான் பாப்பா சொன்னேன்.”

பிறகு குழாயை முழுதாகத் திறந்தார். தண்ணீர் சிமெண்ட்டில் அறைந்து விழுந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டே அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. இவ்வளவு நல்ல காதை வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது கேட்கவில்லை.